சென்னியப்பனின் டர்போ வண்டி மலையேறிய கதை

எந்த ஊரானாலும் முட்டாள்கள் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் நாலு திசையில், நாலு வீட்டில் இருப்பார்கள். ஊர் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஒத்தப்பனைப் பிரிவு என்ற ஊருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே மூன்று பேர் ஒரே கார் ஷெட்டில் வேலை பார்த்தார்கள். நாலாவது ஆள் தன் காரை ஓட்டிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தான்.

அந்த நாலாவது ஆளின் பெயர் சென்னியப்பன். கோழித் தீவனக் கடை வைத்திருந்தான். நெற்றியிலிருந்து முடி பின்வாங்கி உச்சந்தலை வரை போன பிறகுதான் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. மலை மேல் இருக்கிற மேல்கொண்டை கிராமத்துப் பெண், பெயர் மைனாவதி. அவளை நினைத்தால் சென்னியப்பனுக்குச் சோறு இறங்காது. அவனிடம் இருந்ததில் அசல் என்று சொன்னால் அந்த ஆசை ஒன்றுதான்.

பெண்ணின் அப்பா காளியண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவருடைய மூத்த மாப்பிள்ளையின் கார் பாதி மலையில் நின்றுபோய், ஊரே சேர்ந்து தள்ளி, இன்றைக்கும் அந்த ஆளுக்குத் 'தள்ளுவண்டி' என்றுதான் பெயர். அதனால் இரண்டாவது மாப்பிள்ளை விஷயத்தில் அவர் உஷாராக இருந்தார்.

"மாப்ள சொந்த வண்டிய சொந்தக் கையால ஓட்டிட்டு மேல வரோணும். முகூர்த்தத்துக்கு வண்டி மேல வரலீன்னா தாலி இல்லீங்" என்றார்.

"எம்பட வண்டி டர்போங் மாமா. மலையெல்லாம் அதுக்கு வரப்பு மாதிரிங்" என்று சென்னியப்பன் மார்தட்டினான். டர்போ என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அதனால் பேச்சு நல்லபடியாக முடிந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அந்த டர்போ வண்டி ஊர் ரயில்வே மேம்பாலத்தில் ஏறவில்லை. முன்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் செங்கல் சூளை மாதிரி கரும்புகை. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் வண்டி நகருவேனா என்றது. சைக்கிளில் இட்லி விற்கிற அம்மாள் மணியடித்துக்கொண்டு தாண்டிப் போனாள்.  சென்னியப்பன் வண்டியை அப்படியே பின்னால் உருளவிட்டு, பாலத்தடியில் இருந்த ஆறுச்சாமியின் ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஷெட் வாசலில் 'டர்போ ஸ்பெஷலிஸ்ட்' என்று பெரிய போர்டு இருந்தது. ஆறுச்சாமி டர்போவைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. போர்டு எழுதின ஆள், "பேருக்குக் கீழ எடம் மிச்சமிருக்குதுங், என்ன எழுதறது?" என்று கேட்டான். "பாக்க லட்சணமா எதாச்சும் எழுது" என்று ஆறுச்சாமி சொன்னார். அவ்வளவுதான் படிப்பு.

அவருக்கு இரண்டு கையாட்கள். நாச்சிமுத்து, சொன்னதைச் சொன்னபடி செய்வான். பொங்கியண்ணன், யோசித்துவிட்டுச் செய்வான். இருவரில் யார் அதிக ஆபத்து என்று அந்த ஊரில் இன்னும் முடிவாகவில்லை.

ஆறுச்சாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். பிறகு கோயமுத்தூரில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சாலமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டர்போங்கறது ஒரு விசிறிங் ஆறுச்சாமி" என்றார் சாலமன். "காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். அந்தக் காத்து போற குழாயில எங்கயோ கசியுது. காத்துப் பத்தாம டீசல் சரியா எரியல, அதான் கரும்புகை. டர்போவுக்குக் காத்து போற வாய நல்லா அடைச்சு, அது வழியாக் கம்ப்ரஸர்ல காத்துக் குடு. எங்க புஸ்ஸுங்குதுன்னு காத வெச்சுக் கேளு. அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒரு எருமைக்குச் சொல்லியிருந்தால்கூட அது காதை எங்கே வைப்பது என்று கொஞ்சமாவது யோசித்திருக்கும்.

வாயை அடைத்தார்கள். கம்ப்ரஸரைப் போட்டார்கள். அது அந்தக் காலத்துக் கம்ப்ரஸர், நெல் மில் மாதிரி தடதடத்தது. ஆறுச்சாமி பானெட்டில் காதை வைத்தார். நாச்சிமுத்து டயரில் வைத்தான். எங்கே வைக்க வேண்டும் என்று சாலமன் சொல்லவில்லையே என்று யோசித்த பொங்கியண்ணன் ஷெட் சுவரில் வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலீங்ண்ணா. கம்ப்ரஸர் போடற சத்தத்துல காது அடைக்குது" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப அத நிறுத்து. உள்ள இருக்கற காத்தையும் தொறந்து வுடு. நிம்மதியாக் கேக்கலாம்."

நிறுத்தினார்கள். திறந்துவிட்டார்கள். ஷெட்டே மயான அமைதியானது. மூவரும் மறுபடி காதை வைத்தார்கள்.

"புஸ்ஸுங்கலீங்."

"எனக்கும் கேக்கல."

"செவுத்துலயும் ஒண்ணுமில்லீங்ண்ணா."

ஆறுச்சாமி நிமிர்ந்தார். "சத்தம் இல்லீன்னா கசிவு இல்ல."

"காலைல இருந்துச்சுங்களே?" என்று சென்னியப்பன் மெதுவாகக் கேட்டான்.

"மூணு பேரு காத வெச்சதும் பயந்து நின்னுடுச்சாட்ட இருக்குது."

சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நின்றுகொண்டு மாமனாருக்குப் போன் செய்து, "வண்டி ரெடிங் மாமா" என்றான். பிறகு மேம்பாலத்துக்கு ஓட்டினான். வண்டி பாலத்தின் பாதியில் நின்று, அவனை வந்த வழியே ஷெட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. இட்லிக்கார அம்மாள் இந்தத் தடவை மணியடிக்கக்கூட இல்லை.

மறுபடி சாலமனுக்குப் போன். "காதுல கேக்கலீன்னா சோப்புத் தண்ணி போடுங்க" என்றார் அவர். "ஒரு இடம் விடாம அடிச்சுப் பாருங்க. எங்க நொரை பொங்குதோ அங்க ஓட்டை. அந்த இடத்துல கிளாம்ப் போட்டு இறுக்கிடுங்க."

நாச்சிமுத்து ஒரு பக்கெட் நிறைய சோப்புப் பவுடரைக் கரைத்து, ஒரு இடம் விடாமல் அடித்தான். பானெட், கூரை, கண்ணாடி, கதவு, சீட்டு என்று எதையும் விடவில்லை. பிரஷ் போட்டுத் தேய்க்கவும் தேய்த்தான். வண்டி முழுக்க நுரை பொங்கியது.

பொங்கியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ அண்ணா! கூரை கசியுது. கண்ணாடி கசியுது. நம்பர் பிளேட்டுகூடக் கசியுதுங்!"

"முழு வண்டியுமே ஓட்டையாட்ட இருக்குது" என்று ஆறுச்சாமி கவலையோடு தாடையைச் சொறிந்தார். "இத்தனை ஓட்டைய வெச்சுட்டு இந்தாளு இத்தன நாளா எப்படி ஓட்டுனாரு?"

சென்னியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. "தெரியாம ஓட்டிட்டனுங்" என்றான்.

அப்போதுதான் பொங்கியண்ணன் நாச்சிமுத்துவின் கையைப் பார்த்தான். முழங்கை வரை நுரை.

"அண்ணா, நாச்சிமுத்தும் கசியறானுங்!"

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டான். "காலைல இருந்தே எனக்கு இழுவை இல்லீங்ண்ணா. சொன்னா நம்ப மாட்டீங்கன்னு சொல்லல."

"பயப்படாத. வண்டிய அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல மனுசன். ஒரு கிளாம்ப் கொண்டா" என்றார் ஆறுச்சாமி.

ஷெட்டில் கிளாம்ப் இல்லை. பொங்கியண்ணன் பானெட்டுக்குள் தேடினான். டர்போவிலிருந்து போகிற தடித்த ரப்பர் குழாயின் நுனியைச் சுற்றி வளையமாக ஒரு இரும்புக் கிளாம்ப் இருந்தது. விரலால் தொட்டாலே சுற்றியது, அவ்வளவு லூஸ்.

படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மடையர்களுக்குப் புரியவில்லை. காலையிலிருந்து தேடின கசிவு அந்த இடத்தில்தான் இருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து நாலு திருகு திருகியிருந்தால் வண்டி மலையை வரப்பு மாதிரியே தாண்டியிருக்கும்.

"இது ஒரு வேலையும் பாக்காமச் சும்மா தொங்கிட்டு இருக்குதுங்" என்று சொல்லி, பொங்கியண்ணன் அதைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

கிளாம்பை நாச்சிமுத்துவின் மணிக்கட்டில் மாட்டி இறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கிச் சிவந்தன.

"பாத்தீங்களா, வீங்குது!" என்று ஆறுச்சாமிக்கு ஒரே சந்தோஷம். "கசிவு நின்னு உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறுது. இதைத்தான் பூஸ்ட்டுங்கறது."

"நல்லா இழுவை தெரியுதுங்ண்ணா" என்றான் நாச்சிமுத்து, கண்ணில் தண்ணீரோடு.

கிளாம்ப் போன குழாய் சுத்தமாகக் கழன்று தொங்கியது. வண்டி இப்போது ஷெட் வாசல் சரிவில்கூட ஏறவில்லை. சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. மலை மேல் இந்நேரம் பந்தல் போட்டிருப்பார்கள், மைனாவதிக்கு மருதாணி வைத்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது போனில் சாலமனின் குரலே மாறியிருந்தது. "ஏனுங், இன்னுமா கெடைக்கல? சரி. உள்ள புகை போட்டுப் பாருங்க. புகை எங்க வெளிய வருதோ அங்க ஓட்டை. இதுக்கும் மேல என்னால முடியாதுங்."

உள்ளே என்று அவர் சொன்னது குழாய்க்கு உள்ளே. இவர்கள் காருக்கு உள்ளே தூபக்கால் வைத்து, கை நிறைய சாம்பிராணியை அள்ளிப் போட்டார்கள். உள்ளே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், வண்டிக்காரன்தான் பொறுப்பு என்று சென்னியப்பனை உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றினார்கள்.

வெளியே மூவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு துளிப் புகை வரவில்லை. உள்ளே சென்னியப்பன் கண்ணாடியைத் தட்டினான்.

"கை ஆட்டறாருங்ண்ணா."

"எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்றாரு. நீயும் ஆட்டு."

கடைசியில் சென்னியப்பன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு விழுந்தான். அவனோடு அத்தனை புகையும் வெளியே வந்தது. மூவரும் கைதட்டினார்கள்.

"கதவுதானுங்ண்ணா ஓட்டை! கதவு தொறந்தாக் கசியுது, மூடுனா நிக்குது."

அதற்கான மருந்தும் உடனே கிடைத்தது. நாலு கதவையும் தேங்காய் நார்க் கொச்சக் கயிறு போட்டு வண்டியோடு சுற்றிக் கட்டினார்கள். ஏறுவதும் இறங்குவதும் இனி டிக்கி வழியாகத்தான். சென்னியப்பன் இருமி முடித்து, டிக்கி வழியாகத் தவழ்ந்து போய், வாசல் சரிவில் ஏற்றிப் பார்த்தான். ஏறவில்லை.

நாலாவது போனில் சாலமன் கத்தினார். "அட, மேடு ஏறறப்பத்தாங்க டர்போவுக்கு வேலை! எறக்கத்துல டர்போ இல்லாட்டியும் வண்டி போகும். ஏறத்தான முடியல? போங்க, எறக்கத்துலயே ஓட்டிட்டுப் போங்க!" அதோடு போனை அணைத்துவிட்டார். இந்தக் கதையில் புத்திசாலித்தனமாக ஒருவன் செய்த ஒரே காரியம் அதுதான்.

மூவரும் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதன் மூக்கையே பார்த்தார்கள்.

"அண்ணா, இது மேடுன்னு வண்டிக்கு எப்படித் தெரியுதுங்?" என்று பொங்கியண்ணன் ஆரம்பித்தான்.

"மூக்கு மேல தூக்குனா மேடு. மூக்கு கீழ பாத்தா எறக்கம்."

"அப்ப மூக்கைக் கீழ பாத்து வெச்சுட்டே மேல போனா?"

ஆறுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "வண்டி என்ன நெனைக்கும்?"

"எறங்கறம்னு நெனைக்கும்."

"அப்ப டர்போ கேக்காது."

"எப்படிங் கேக்கும்?"

சென்னியப்பனுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. "மாமனாரு எதாச்சும் சொல்லுவாருங்களா?"

"வண்டி மேல வரோணும்னுதான சொன்னாரு? மூஞ்சிய எந்தப் பக்கம் வெச்சுட்டு வரோணும்னு சொன்னாரா?"

"சொல்லலீங்."

"அப்பறம் என்னத்துக்குக் கவலை?"

விடிந்ததும் வண்டியை வாசல் சரிவில் தள்ளி ரோட்டுக்கு ஏற்றிக் கிளம்பினார்கள். பட்டு வேட்டி கட்டின சென்னியப்பன் டிக்கி வழியாக நுழைந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். வீங்கின கையைத் தூக்கிப் பிடித்தபடி நாச்சிமுத்து, பிறகு மற்ற இருவர். அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, ஊரைப் பார்த்து நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

வண்டி ஏறியது. ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம், அதனால் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தாவது ஏறியது என்பது வேறு விஷயம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. இவர்கள் நாலு பேரும் காக்கையைக் கும்பிட்டார்கள்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சென்னியப்பனின் கழுத்து பின்னால் திரும்பியே இருந்தது. பாதி மலையில் அது அப்படியே பிடித்துக்கொண்டது. ஆனால் அவன் மனசு பறந்தது. மைனாவதி கிடைத்துவிட்டாள், இனி யாரும் தடுக்க முடியாது என்று புகைக்குள் சிரித்துக்கொண்டே ஏறினான்.

மேல்கொண்டையில் காளியண்ணனும் ஒறம்பரையான சொந்தக்காரர்களும் மண்டப வாசலில் காத்திருந்தார்கள். கார் வந்து நின்றது. மூக்கு கீழே போகிற பாதையைப் பார்த்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெண் கொடுக்கிற வீடும் தனக்குத் தகுந்த வீடாகத்தான் பார்த்துக் கொடுக்கும். மேல்கொண்டையில் மண்டப வாசலில் ஒரு கார் மலையிறங்குகிற பக்கம் பார்த்து நின்றால், காருக்குள் இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். காளியண்ணன் ஓடி வந்தார். டிக்கியிலிருந்து தவழ்ந்து இறங்கின மாப்பிள்ளை கையில் தாம்பூலப் பையைத் திணித்தார்.

"சாப்புட்டீங்களாங்? ஒரு கொறையும் இல்லீங்களே? பாத்துப் பத்தரமாப் போயிட்டு வாங்க மாப்ள."

கொடுத்ததை வாங்காவிட்டால் மரியாதை இல்லையென்று சென்னியப்பன் வாங்கிக்கொண்டான். பெண்ணின் அம்மா, மகள் புருசன் வீட்டுக்குப் போகிறாள் என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அழுதார்கள். எல்லோரும் அழுது முடித்து மூக்கைச் சிந்தின பிறகுதான் யாரோ ஒருவர், "இன்னும் தாலியே கட்டலீங்களே" என்றார்.

எல்லோரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் என்கிற சடங்குகளை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். அவர் காரைப் பார்த்தார். தாம்பூலப் பையைப் பார்த்தார்.

"குடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்கறது மொறையில்ல" என்றார். "வழியனுப்பு முடிஞ்சுது. வண்டி பின்னால வந்துச்சு, சீரும் பின்னாலயே போவட்டும்."

சரியான தீர்ப்பு என்று பெண் வீட்டாரும் ஷெட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தருக்காவது சிரிப்பு வர வேண்டுமே? வரவில்லை.

முறைப்படி வழியனுப்புக்கு முன்னால் வருவது விருந்து, அதனால் அடுத்து அதை நடத்தினார்கள். பந்தியில் முதலில் மோர்ச் சோறு, பிறகு ரசம், பிறகு சாம்பார், கடைசியாக இனிப்பு வைத்து, எல்லோரும் எழுந்த பிறகு இலையில் தண்ணீர் தெளித்தார்கள். விருந்துக்கு முன்னால் தாலி. சென்னியப்பன் கழுத்து திரும்பினபடியே மணமேடையில் உட்கார்ந்து, பின்சுவரைப் பார்த்துக்கொண்டே தடவித் தடவி முடிச்சுப் போட்டான்.

தாலி ஏறினதும் மைனாவதி நிமிர்ந்தாள். "ஏனுங், இப்ப எனக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுங்களா, இல்லீங்களா?"

"ஆயிப்போச்சு கண்ணு" என்றார் அருமைக்காரர். "ஆனா இன்னும் ஆரம்பிக்கல."

தாலிக்கு முன்னால் நிச்சயம். தட்டு மாற்றிக்கொண்டார்கள். நிச்சயத்துக்கு முன்னால் பெண் பார்க்கிற சடங்கு. ஒரு அறையில் பாய் விரித்து, சென்னியப்பனையும் ஷெட்டுக்காரர்கள் மூவரையும் உட்கார வைத்தார்கள். மைனாவதி, கழுத்தில் புதுத் தாலியோடு, பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?" என்று காளியண்ணன் கேட்டார்.

சென்னியப்பனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. புடிச்சிருக்குதுங் மாமா, உசுருங் மாமா என்று கத்த வாயைத் திறந்தான். ஆறுச்சாமி தொடையில் கிள்ளினார். "எந்த மாப்ளடா பொண்ணு பாத்த எடத்துலயே பதில் சொல்லுவான்? மானத்த வாங்காத."

அதுவும் நியாயம்தான் என்று சென்னியப்பனுக்குப் பட்டது. சுவரைப் பார்த்தபடி எழுந்து கும்பிட்டான்.

"ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்."

நாலு பேரும் டிக்கி வழியாக ஏறினார்கள். வண்டியைத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை. மூக்கும் இறக்கம், மலையும் இறக்கம். டர்போ கேட்காமல் வண்டி தேர் மாதிரி இறங்கியது. மைனாவதி வாசலில் நின்று, வண்டி மறைகிற வரை பார்த்தாள்.

சீரில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கல்யாணப் பேச்சுக்கெல்லாம் முதலில், சென்னியப்பன் தரகர் கைலாசத்திடம் தன் ஜாதகத்தைக் கொடுத்திருந்தான். அதைத் திரும்ப வாங்கினால்தான் எல்லாம் முறைப்படி முடியும். மறு நாளே போய் வாங்கிக்கொண்டான். வாங்கினவன் வாசலிலேயே நின்றான்.

"இன்னும் என்னுங்?" என்றார் தரகர்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங். இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்களே" என்று சொல்லி, அதே ஜாதகத்தை அவர் கையில் கொடுத்தான்.

"எப்பிடிப் பொண்ணாப் பாக்கட்டுங்?"

"அந்த மைனாவதியாட்டவே இருக்கோணுமுங். ஆனா மலை மேல மட்டும் வேண்டாமுங், சமதரையிலயே பாருங். வண்டி கசியுதுங்."